முப்பத்திநாலு பக்கமும் ஒரு செருப்பு ஸ்டாண்டும்

"அவங்க சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ வேணும். இயல்பா இருக்கணும். இந்த வாரத்துக்குள்ள அனுப்பிடு" என்று எங்கள் லீகல் ஹெட் மேடம் என்னிடம் சொன்ன அன்று காலையில்தான், அந்தப் போட்டோவில் சிரிக்க வேண்டியவளை வீட்டுச் சொந்தக்காரர் மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லியிருந்தார். மேடத்துக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் "சரி மேடம்" என்றேன். இருபது வருஷ ஆபீஸ் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்பெனியின் லீகல் டிபார்ட்மென்ட்டில் எனக்கு வேலை. நான் வக்கீல் இல்லை. வக்கீல்களுக்கு மீட்டிங் ரூம் பிடித்துக் கொடுப்பது, கூரியர் அனுப்புவது, கையெழுத்து வாங்கிவருவது, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவுவது, இவைதான் நான். எங்கள் வக்கீல்களும் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் இல்லை. மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்த அன்றைக்கே வாதாடும் உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டு வந்தவர்கள். கறுப்புக் கோட்டு அவரவர் வீட்டு பீரோவில் தொங்குகிறது. நாள் முழுக்க ஒப்பந்தம் எழுதுவார்கள், எழுதியதைத் திருத்துவார்கள், திருத்தியதைத் திருத்துவார்கள்.

இவர்களும் ஊருக்கு நல்லது செய்யட்டும் என்று கம்பெனியில் ஒரு ஏற்பாடு உண்டு. வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகச் சட்ட வேலை செய்து கொடுக்கலாம். செய்த மணி நேரத்தைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை அதிக மணி நேரம் பதிந்தவருக்கு மேடையில் கண்ணாடிக் கோப்பை. அந்த விழாவுக்குப் படிவம் சேர்ப்பது, போட்டோ கேட்பது, சமோசாவுக்குச் சொல்வது எல்லாம் நான்.

நான் குடியிருப்பது ஜீவனஹள்ளி. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டேன். எங்கள் தெருக்கோடியில் ஒருத்தி குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் இரண்டு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, இருபத்திமூன்று பிள்ளைகள். டீச்சர் என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவோம். காலை ஐந்தே முக்காலுக்கே அம்மாக்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறவர்கள், ஆறு மணி வண்டியைப் பிடிக்க வேண்டும். டீச்சரிடம் கேட்டால், "நான் புள்ளைங்கள பாத்துக்கறேன்னு நினைக்கிற. நான் இருபத்திமூணு பேரோட வேலையைத்தான் பாத்துக்கறேன்" என்பாள். அது உண்மை. அந்தக் கதவு ஒரு நாள் திறக்காவிட்டால் அன்றைக்கு இருபத்திமூன்று பேருக்கு வேலை இல்லை.

வீடு மாடியில் குடியிருக்கிற பாயுடையது. ஒன்பது வருஷமாக வாய் வார்த்தையில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் காப்பகத்துக்கு லைசென்ஸ் புதுப்பிக்க, வாடகை ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னார்கள். அடுத்த மாசக் கடைசியில் லைசென்ஸ் ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்களாம். டீச்சர் என்னிடம் வந்தாள்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல வக்கீலா அடுக்கி வெச்சிருக்கீங்களே, ஒருத்தர்கிட்ட ஒரு பேப்பர் எழுதி வாங்கிக் குடேன்."

நானும் பெருமையாக, "அதுக்கென்ன, இலவசமாவே எழுதுவாங்க" என்றேன். அந்த வாயை அன்றைக்கே மூடியிருக்கலாம்.

இலவசம் சுலபமாகக் கிடைப்பதில்லை. வெளியாள் எவரோடும் வேலை செய்வதென்றால் அவரைக் கம்பெனி சிஸ்டத்தில் ஏற்ற வேண்டும். அந்தப் படிவம் எங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்கிறவர்களுக்கென்று செய்தது. டீச்சரின் ஜி.எஸ்.டி. எண் என்ன என்று கேட்டது. வெப்சைட் முகவரி கேட்டது. உலகத்தில் எத்தனை நாட்டில் கிளை என்று கேட்டது. "எங்க அம்மா வீடு மாலூர்ல இருக்கு, அதைப் போட்டுக்கோ" என்றாள் டீச்சர்.

அடுத்தது, கம்பெனிக்கும் இந்தக் காப்பகத்துக்கும் ஏதாவது நலன் மோதல் உண்டா என்கிற சோதனை. உண்டு என்று வந்து நின்றது! எப்படி? அங்கே தூங்குகிற பிள்ளைகளில் நாலு பேரின் அம்மாக்கள் எங்கள் கட்டடத்தில்தான் தரை துடைக்கிறார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள். அதனால் இதை மேலிடம் பார்த்து அனுமதி தர வேண்டுமாம். பதினோரு நாள் பார்த்தார்கள். அந்தப் பதினோரு நாளும் அந்த நாலு பெண்களும் அந்த மேலிடத்து மேஜையைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியில் இந்த வேலை ஒரு வக்கீல் கைக்குப் போனது. நாற்பது வயசுக்காரர், தர்மபுரிப் பக்கம். நல்ல மனுஷர். கேன்டீனில் தட்டைத் தானே கொண்டுபோய் வைப்பார், என்னை அக்கா என்பார். அவர் ராப்பகலாக உட்கார்ந்தார், அறுபது மணி நேரத்துக்கு மேல் பதிந்தார். ஒரு நாள் பிரிண்டரிலிருந்து இன்னும் சூடாக ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். முப்பத்திநாலு பக்கம்.

"எல்லாமே கவர் ஆயிடுச்சுக்கா. டீச்சரை யாரும் அசைக்க முடியாது."

நான் பிரித்துப் பார்த்தேன். கம்பெனிக்குக் கட்டடம் எடுக்கும்போது போடுகிற மாதிரி ஒப்பந்தத்தை எடுத்துத்தான் எழுதியிருந்தார். நாலு பக்கத்துக்கு வெறும் சொற்களுக்கு அர்த்தம். ஜெனரேட்டர் பராமரிப்பு ஒரு பக்கம். தகராறு வந்தால் மூன்று நடுவர்களை வைத்துத் தீர்ப்பது இரண்டு பக்கம். விசாரணை நடக்கும் ஊர் சிங்கப்பூர் என்று இருந்தது. "சார், சிங்கப்பூருக்கு டீச்சர் போவாங்களா, பாய் போவாரா?" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு பெங்களூரு என்று மாற்றினார். மற்றபடி முப்பத்திநாலு பக்கமும் அப்படியேதான் இருந்தது. இவ்வளவு எதற்கு என்று அப்பவே கேட்டிருக்கலாம். ஆனால் நான் வக்கீல் இல்லையே என்று டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் பாயிடம் கொடுத்தாள்.

பாய் இங்கிலீஷ் படிக்க மாட்டார். மருமகனை வைத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மருமகன் அரைகுறையாகப் படித்து, ஏதேதோ சொல்லியிருக்கிறான். திங்கள் காலையில் நான் ஆட்டோவுக்கு நிற்கும்போது பாய் மாடியிலிருந்து கூப்பிட்டார். கையில் அந்தக் கட்டு.

"தங்கச்சி, ஒன்பது வருஷத்துல நான் டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை அதிகமா பேசியிருப்பேனா?"

"இல்ல பாய்."

"இப்ப முப்பத்திநாலு பக்கம் குடுக்குறாங்க. நான் யாரு, வீடு எது, எத்தனை மாசம். அதுக்கு ஒரு பக்கம் போதும். அப்ப மிச்சம் முப்பத்திமூணு பக்கத்துல என்னை என்னன்னு எழுதியிருக்கு? திருடன்னுதானே? வேற என்ன எழுதறதுக்கு அவ்வளவு எடம் வேணும்?"

"அப்படியெல்லாம் இல்ல பாய், அது ஆபீஸ் வழக்கம்..."

"நக்கோ, வேணாம். எனக்கு இந்த வழக்கமே நக்கோ. மாசக் கடைசில வீட்டைக் குடுத்துடச் சொல்லு. பெரிய கம்பெனி வக்கீல் எழுதுறான்னா வீட்டுமேல கண்ணு இருக்கு. உன்மேல எனக்குக் கோவம் இல்ல. நீ ஆபீஸுக்குப் போ, லேட் ஆவுது."

ஆபீஸுக்குப் போனேன். போனதும்தான் மேடம் அந்தச் சிரிச்ச போட்டோவைக் கேட்டார்கள். நம் வக்கீலுக்குத்தான் இந்த வருஷ விருது. மணி நேரத்திலும் முதல், பக்கத்திலும் முதல். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழா.

சாயங்காலம் காப்பகத்துக்குப் போய் டீச்சரிடம் மெதுவாகப் போட்டோ விஷயத்தைச் சொன்னேன். அவள் பால் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சிரிக்கணுமா? எதுக்குன்னு சொல்லு, சிரிக்கிறேன்."

போட்டோ எடுக்காமலே திரும்பினேன். விருதுப் படிவத்தில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அன்று அதில், இந்த ஒப்பந்தத்தைப் பார்த்து வீட்டுக்காரர் பயந்து காலி செய்யச் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் வக்கீலைக் கேன்டீனில் பிடித்தேன். சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, அதுல வீட்டுக்காரருக்கு எதிரா ஒண்ணுமே இல்ல. எல்லாமே ஸ்டாண்டர்டு."

"அது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே."

"ரெண்டு பக்கத்துல எழுதினா ரிஸ்க் எல்லாம் விட்டுப்போகும்."

"இப்ப இருக்கற ஒரே ரிஸ்க் உங்க பேப்பர்தான் சார். ஒன்பது வருஷம் இல்லாத ரிஸ்க்."

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீவனஹள்ளி முனையிலிருந்து போன். "அக்கா, எந்தத் தெரு? இங்க எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கு."

அழைத்துக்கொண்டு மாடி ஏறினேன். பாய் உட்காரச் சொன்னார், டீ வந்தது, மரியாதையில் ஒரு குறையும் இல்லை. டீ முடிந்ததும் அந்தக் கட்டை எடுத்து வக்கீல் மடியில் வைத்தார்.

"நீங்கதானே எழுதினது? எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ் வரும். மொதல் பக்கத்திலேர்ந்து சொல்லுங்க. புரிஞ்சா கையெழுத்து."

மனுஷர் ஆரம்பித்தார். மூன்றாம் பக்கத்திலேயே திணறினார். நஷ்ட ஈட்டுப் பொறுப்பு என்று வந்தது.

"அதாவது பாய், உங்களால அவங்களுக்கு ஏதாச்சும் நஷ்டம் வந்தா, நீங்க..."

"என்னால என்னா நஷ்டம்? தண்ணி மோட்டார் நான்தானே போடறேன்?"

"இல்ல, ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குன்னா பேசலாம். எழுதறது எதுக்கு?"

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து அந்தப் பத்தியை அடித்தார். அடுத்தது ஜெனரேட்டர். "ஜெனரேட்டரா? எங்க இருக்கு? எனக்கும் காட்டுங்க" என்றார் பாய். அடித்தார். நூற்றிருபது கார் நிறுத்தும் இடம். கீழே இருந்து பிள்ளைகள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதையும் அடித்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அடிக்கிறபோது வக்கீலுக்கே சிரிப்பு வர ஆரம்பித்தது. "சொந்த பாஷையில சொல்ல முடியாததை எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்க்கா" என்றார் மெதுவாக. பன்னிரண்டு வருஷ வேலையில் தான் எழுதியதை ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னது அன்றுதானாம்.

மூன்று மணி நேரம் ஆனது. கட்டு முழுக்கக் கோடு. பிறகு வக்கீல் கேட்டார், "பாய், நீங்க சொல்லுங்க. இதுல என்ன எழுதணும்?"

யாரும் அதுவரை கேட்காத கேள்வி. பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "செருப்பு" என்றார்.

"என்ன பாய்?"

"காலைல அம்மாங்க அவசரத்துல வந்து படிக்கட்டுல செருப்பை விட்டுட்டு உள்ள போறாங்க. புள்ளைங்க செருப்பும் படிக்கட்டுல. நான் அஞ்சரைக்குத் தொழுதுட்டு, அஞ்சே முக்காலுக்குப் பால் வாங்க இறங்கணும். முட்டி வலி. ரெண்டு தடவை விழப் பாத்தேன். சொன்னா டீச்சர் மனசு கஷ்டப்படும்னு சொல்லல. ஒன்பது வருஷமா சொல்லல."

டீச்சரை மேலே கூப்பிட்டோம். கேட்டவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ பாய், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே ஸ்டாண்ட் வாங்கியிருப்பேனே!"

"உனக்கு என்ன வேணும், நீ சொல்லு" என்றார் பாய்.

"நடு வருஷத்துல போன்னு சொல்லாதீங்க. அவ்வளவுதான். சொல்றதுன்னா மூணு மாசம் முன்னாடி சொல்லுங்க. இத்தனை புள்ளையை நான் எங்க கொண்டுபோறது?"

வக்கீல் எழுதினார். யார், எந்த வீடு, பதினோரு மாசம், காலி செய்ய மூன்று மாச அவகாசம், மோட்டார் பாய் போடுவார், செருப்பு ஸ்டாண்டில் இருக்கும், படிக்கட்டில் இருக்காது. ஒன்றரைப் பக்கம் வந்தது. பாய் வாங்கித் தடவிப் பார்த்தார். "சரி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு கையெழுத்து. ஆனா சாட்சிக்குத் தங்கச்சி போடணும். கோர்ட்டெல்லாம் எனக்குத் தெரியாது. தப்பு நடந்தா அவ வீட்டு வாசல்ல போய் உக்காந்துக்குவேன்."

வெள்ளிக்கிழமை. சமோசா, மேடை, மைக், கோப்பை எல்லாம் என் தலையில் இருக்கிற அதே வெள்ளிக்கிழமை. பாயிடம் நான் தேதியை மாற்றச் சொல்லவில்லை. அவர் மறுபடி யோசிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அன்று அரை நாள் லீவு போட்டேன். வக்கீலும் போட்டார். காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கத்து டைப்பிஸ்ட் ஸ்டாம்ப் பேப்பரில் அடித்துக் கொடுத்துவிட்டு, வக்கீலின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்து, "இஷ்டேனா சார்?" என்று கன்னடத்தில் கேட்டார். இவ்வளவுதானா என்று. "இஷ்டே" என்றார் நம்மவர். எனக்கு அந்த ஒரு நொடி அவர்மேல் மரியாதை வந்தது.

இரண்டரைக்குக் கையெழுத்து. பாய், டீச்சர், சாட்சிக்கு நான், இன்னொரு சாட்சி மருமகன். மூன்றே காலுக்குப் பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறினோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேடம். "எங்க இருக்க? கோப்பை எந்த அலமாரில? அந்தச் சிரிச்ச போட்டோ எங்க?"

"அக்கா, மேடையில நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றார் வக்கீல். "முப்பத்திநாலு பக்கம் தப்புன்னு சொல்லிடறேன்."

"சொல்லுங்க சார்" என்றேன். மனசு குளிர்ந்தது.

விழா. பெரிய திரையில் டீச்சர் படம் இல்லாததால், எங்கிருந்தோ எடுத்த, தங்க நிற முடியோடு மரக் கட்டை அடுக்குகிற ஒரு குழந்தையின் படம். மேடம் பாராட்டுரை படித்தார்கள். முப்பத்திநாலு பக்கத்தில் விரிவான பாதுகாப்பு, ஒரு சமூக அமைப்பின் எதிர்காலம் உறுதி. கைத்தட்டல். வக்கீல் மேலே போனார், கோப்பையை வாங்கினார், மைக்கைப் பிடித்தார். நான் பின்னால் சமோசாத் தட்டோடு நிற்கிறேன்.

"டீமுக்கு நன்றி. இது என் தனி முயற்சி இல்ல. கம்பெனி கொடுத்த வாய்ப்பு" என்றார். இறங்கிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு சமோசாவை யாருக்கும் நீட்டாமல் அங்கேயே வைத்துவிட்டேன். அவரே தேடிக்கொண்டு வந்தார். "மைக்கைப் பிடிச்சதும் கம்பெனி வாய் வந்துடுச்சுக்கா" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. 'கம்பெனி வாய்' நல்ல வார்த்தைதான், இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். அன்றைக்கு எழுத மனசு வரவில்லை.

திங்கட்கிழமை மேடத்தின் மெயில் எல்லோருக்கும் வந்தது. விருது பெற்ற ஒப்பந்தம் இனி எல்லா ஊர் ஆபீஸுக்கும் மாதிரி. முதலில் ஹைதராபாத். அங்கே பெண்கள் நடத்துகிற ஒரு தையல் பள்ளிக்கு இந்த வாரமே அனுப்பப் போகிறார்கள். நான் அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து வக்கீலின் கீபோர்டு மேல் வைத்தேன். வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

அரை மணி நேரம் எதையோ எழுதி எழுதி அழித்தார். பிறகு எல்லோருக்கும் பதில் போட்டார். நாலு வரி. இதைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். இதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் இருபத்திமூன்று குழந்தைகளைக் காலி செய்யச் சொன்னார். கையெழுத்தானது இத்துடன் இணைத்த ஒன்றரைப் பக்கம். அதையும் அனுப்பாதீர்கள், முதலில் தையல் பள்ளிக்கும் வீட்டுக்காரருக்கும் என்ன வேண்டும் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

மேடம் என்னைக் கூப்பிட்டார்கள்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"ரிமார்க்ஸ் கட்டத்துல எழுதியிருந்தேன் மேடம்."

திறந்து பார்த்தார்கள். இருந்தது. விழாவுக்குப் பதினொரு நாளைக்கு முன்னால் எழுதியது. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள். "அந்தக் கட்டத்தை யாரும் படிக்கறதில்ல" என்றார்கள், என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லை. பிறகு ஹைதராபாத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், வக்கீல் பாய் வீட்டில் உட்கார்ந்த மூன்று மணி நேரத்தைப் பதிய வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சிஸ்டத்தில் என்ன வேலை என்று ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஆவணம் தயாரித்தல் இருக்கிறது, ஆய்வு இருக்கிறது. உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது இல்லை. அடித்தது இல்லை. 'இதர' என்று போட்டேன். இதர வேலைகள் விருதுக் கணக்கில் சேராது என்று உடனே சிவப்பில் ஒரு வரி வந்தது. அந்த வரியை மட்டும் எவ்வளவு வேகமாக அனுப்புகிறது பாருங்கள்.

லைசென்ஸுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. படிக்கட்டு சுத்தமாக இருக்கிறது. பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டில் குட்டிக் குட்டிச் செருப்பு, வரிசையாக. ஒரு பக்கம் டீச்சர், பல் தெரியச் சிரிக்கிறாள். இன்னொரு பக்கம் பால் பாக்கெட்டோடு பாய், அவரும் சிரிக்கிறாரோ என்று சந்தேகப்படும்படி நிற்கிறார். கீழே குரல் செய்தி: "ஏம்மா, லைசென்ஸ் வந்துடுச்சு. இந்தா, சிரிச்சுட்டேன். போட்டுக்கோ."

மேடத்துக்கு அனுப்பினேன். ரொம்ப அழகாக இருக்கிறதென்று பதில் வந்தது. ஆனால் விழா முடிந்துவிட்டதால் அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

எடுத்து வைத்திருக்கிறேன். ஒப்பந்தம் பதினோரு மாசம்தான். அடுத்த விழா வருவதற்குள் முடிந்துவிடும். மறுபடி ஸ்டாம்ப் பேப்பர், மறுபடி வெள்ளிக்கிழமை, மறுபடி நான் மாடி ஏற வேண்டும். இந்தத் தடவை கையெழுத்துத் தேதியை முதலில் பாயிடம் கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் விழாவுக்கு ஹால் பிடிப்பேன் என்று மேடத்திடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். "மெயில் போடு" என்றார்கள். போட்டேன். ரிமார்க்ஸ் கட்டத்தில் இல்லை, தலைப்பிலேயே.